குறிப்பேட்டில் 120 லிட்டர், தொட்டியில் 80: நிறுத்திவைத்த விமானத்தில் காணாமல் போகும் எரிபொருள்

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு செஸ்னா 172எஸ் விமானத்தை வைத்திருக்கிறோம். கொட்டகை வசதி இல்லாததால், ஒரு சிறிய விமானத்தளத்தின் திறந்த நிறுத்துமிடத்தில் அது நிற்கிறது. சென்ற வாரம் பறக்கக் கிளம்பியபோது, கடைசியாக ஓட்டிய நண்பர் குறிப்பேட்டில் 120 லிட்டர் மீதம் என்று எழுதியிருந்தார். எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் கழித்து மீதத்தைக் காட்டும் எரிபொருள் கணிப்பானும் அதே எண்ணைக் காட்டியது. மானிகளின் முட்கள் இரண்டும் பாதியை ஒட்டி நின்றன. எதற்கும் பார்த்துவிடலாம் என்று அளவுக்குச்சியை விட்டபோது, இரு தொட்டிகளிலும் சேர்த்து 80 லிட்டர்தான் இருந்தது. இது திருட்டா, வேறு காரணம் இருக்குமா? பூட்டுடன் கூடிய மூடி பொருத்தினால் போதுமா? கணிப்பான் இருக்கும்போது ஒவ்வொரு முறையும் குச்சி விட்டுப் பார்ப்பது தன்னை நம்பாததற்குச் சமம் என்று நண்பர் வருத்தப்படுகிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு இரண்டேகால் மணி நேரப் பயணம் ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், இன்றே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிறுத்துமிடத்தில் உங்கள் விமானத்துக்கு அருகில் நிற்கும் மற்ற விமானங்களின் உரிமையாளர்களுக்கும், தள நிர்வாகத்துக்கும், 40 லிட்டர் கணக்கில் வரவில்லை என்பதை உடனே தெரிவியுங்கள். திருட்டு என்று உறுதிப்படும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு விமானத்தில் கை வைத்தவர் பக்கத்து விமானத்தை விட்டுவைத்திருப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. பக்கத்து விமானத்தை ஓட்டுபவர் உங்களைப் போலக் குச்சி விட்டுப் பார்ப்பவராக இல்லாமலும் இருக்கலாம். காவல்துறையிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவிப்பதை அதற்கு அடுத்தபடியாகச் செய்துகொள்ளலாம்.

காணாமல் போன 40 லிட்டர் என்பது வானத்தில் எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். பறப்பு வேகத்தில் உங்கள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 35 லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அளவு ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான பறப்பு. அடுத்த வாரப் பயணத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 79 லிட்டர் எரிக்கும். குறிப்பேட்டை நம்பி 120 லிட்டர் இருக்கிறது என்று கிளம்பியிருந்தால், சேர்ந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு இருக்கும் என்று நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். உண்மையில் இருந்ததோ 80 லிட்டர். உங்கள் வகை விமானத்தின் தொட்டிகளில் மொத்தம் 212 லிட்டர் கொள்ளும். அதில் ஏறத்தாழ 11 லிட்டர் எஞ்சினுக்கு எட்டாத, பயன்படுத்த முடியாத பகுதி. உங்கள் அளவுக்குச்சி மொத்த அளவைக் காட்டுவதாக இருந்தால், அந்த 80 லிட்டரில் பறப்புக்கு உதவுவது 69 லிட்டர்தான். அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. தரையில் ஊர்ந்ததையும் மேலேறியதையும் கணக்கில் சேர்க்காமலேயே, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாக எஞ்சின் நின்றிருக்கும். எனவே உங்கள் குச்சி காட்டுவது மொத்த அளவா, பயன்படத்தக்க அளவா என்பதை இன்றைக்கே உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு விவரம் தெரியாமல் பல ஆண்டுகளாகக் குச்சியைப் பயன்படுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, இது திருட்டுத்தானா என்ற கேள்வி. திருட்டு என்று முடிவுகட்டுவதற்கு முன் விலக்க வேண்டிய காரணங்கள் சில இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரே மாலையில் விடை கிடைத்துவிடும்.

முதலில், விமானம் சமதளத்தில் நின்றதா என்று பாருங்கள். இறக்கைத் தொட்டி அகலமானது, ஆழம் குறைந்தது. ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கியிருந்தாலும் எரிபொருள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நிரப்பு வாய்க்கு நேர் கீழே குச்சி காட்டும் ஆழம் மாறிவிடும். எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் தேர்வு வால்வு இரு தொட்டிகளையும் இணைக்கும் நிலையில் விடப்பட்டிருந்தால், உயர்ந்து நிற்கும் இறக்கையிலிருந்து தாழ்ந்த இறக்கைக்கு எரிபொருள் மெல்ல இறங்கவும் கூடும். அதனால்தான் நிறுத்திவைக்கும்போது வால்வை இடது அல்லது வலது என ஒரே தொட்டியில் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் இவ்வாறு இடம் மாறும்போது ஒரு தொட்டியில் குறைவது மற்றதில் கூடியிருக்க வேண்டும். தொட்டி நிறைந்திருந்தால் தாழ்ந்த பக்கத்துக் காற்றுக் குழாய் வழியே கொஞ்சம் வெளியே வழிந்திருக்கும் என்று சொல்லலாம். பாதி அளவே இருந்த உங்கள் தொட்டிகளில் அதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. விமானத்தைச் சமதளத்துக்குத் தள்ளி, சற்று நேரம் நிற்கவிட்டு, இரு பக்கமும் மறுபடி அளந்து கூட்டிப் பாருங்கள்.

வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கியிருக்கும் என்று யாராவது சொன்னால், அதற்கும் கணக்கு இருக்கிறது. பெட்ரோல் வகை எரிபொருள் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 120 லிட்டர் 20 டிகிரி குளிர்ந்தால் குறைவது இரண்டரை லிட்டருக்கும் கீழே. மூடியபடி நிற்கும் தொட்டியிலிருந்து சில நாட்களில் 40 லிட்டர் ஆவியாகிப் போவதும் நடக்காது.

கசிவு என்றால் தடயம் இருக்கும். உங்கள் விமானம் பயன்படுத்தும் 100எல்எல் வகை விமானப் பெட்ரோலில் நீல நிறச் சாயம் கலக்கப்பட்டிருக்கிறது. கசிந்த பெட்ரோல் காற்றில் விரைவாக ஆவியாகிவிடுவதால் தரையில் தேங்கல் தெரியாது. ஆனால் சாயம் தங்கிவிடும். இறக்கையின் அடிப்பக்கம், ரிவெட் வரிசைகள், வடிகால் வால்வுகளைச் சுற்றிய பகுதி, எஞ்சின் உறையின் அடிப்பாகம் ஆகியவற்றில் நீலக் கறை இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கறை இருந்தால் பராமரிப்புப் பொறியாளர் பார்க்கும்வரை அந்த விமானம் பறக்கக் கூடாது.

அடுத்தது, நண்பர்களிடையே கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: இடையில் வேறு யாராவது எஞ்சினை ஓட்டினார்களா? இதை யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல் டாக்கோமீட்டரின் (எஞ்சின் சுழற்சிமானி) மணிக்கணக்கைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கடைசிப் பறப்பின் முடிவில் எழுதிய எண்ணும் இப்போது காட்டும் எண்ணும் ஒன்றாக இருந்தால் எஞ்சின் ஓடவில்லை. 40 லிட்டரை எஞ்சின் எரிக்கவில்லை என்பது உறுதியாகிவிடும். எண் கூடியிருந்தால், பதிவு செய்யாத பறப்போ, பராமரிப்பின்போது தரையில் நீண்ட நேரம் ஓட்டிய சோதனையோ நடந்திருக்கிறது என்று பொருள். பராமரிப்பு வேலைக்காகத் தொட்டியிலிருந்து எரிபொருளை வடித்துவிட்டுத் திருப்பி ஊற்றாமல் விடுவதும் உண்டு, அதையும் விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, 120 என்ற எண்ணே எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நண்பர் இறங்கியதும் குச்சி விட்டு அளந்து எழுதினாரா, அல்லது கிளம்பும்போது இருந்ததிலிருந்து கையேட்டுச் செலவைக் கழித்து எழுதினாரா? எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையில் எரிபொருளைக் குறைத்து மெலிதாக்காமல் செழிப்பாகவே விட்டு ஓட்டினால், கையேட்டில் உள்ளதைவிடச் செலவு கணிசமாகக் கூடும். நிரப்பியபோது ரசீது அமெரிக்க கேலனில் இருந்து, அதை யாரோ லிட்டராக மாற்றி எழுதியபோது பிழை நேர்ந்திருக்கவும் கூடும். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். அலகுப் பிழையை அற்பம் என்று எண்ண வேண்டாம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, மானிகள் வேலை செய்யாத நிலையில், தொட்டிகளைக் குச்சியால் அளந்தும்கூட, லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கு உரிய எண்ணைப் பயன்படுத்தியதால், பாதி எரிபொருளோடு கிளம்பி, நடுவானில் இரு எஞ்சின்களும் நின்று, கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் சறுக்கி வந்து இறங்கியது. அங்கே அளவு எடுத்தவர்கள் இருந்தார்கள், சரிபார்த்தவர்களும் இருந்தார்கள். எண்ணுக்குப் பின்னால் இருந்த அலகுதான் பிசகிப் போயிருந்தது.

இவை எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் 40 லிட்டர் கணக்கில் வரவில்லை என்றால், திருட்டு என்றே கொள்ளுங்கள். நான் உங்கள் விமானத்தை நேரில் பார்க்கவில்லை. ஆனால் எஞ்சின் ஓடவில்லை, கறை இல்லை, இரு தொட்டிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருக்கிறது என்றால், யாரோ குழாய் விட்டு உறிஞ்சியிருக்கிறார்கள், அல்லது அடியில் உள்ள வடிகாலைத் திறந்து பிடித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். போன எரிபொருளை விலை கொடுத்துத் திரும்ப வாங்கிவிடலாம். எடுத்தவர் எதை விட்டுச் சென்றார் என்பதுதான் எனக்குக் கவலை. இருட்டில் அவசரமாகத் திறந்த மூடி சரியாகப் பூட்டப்படாமல் இருக்கலாம். அதன் ரப்பர் வளையம் நழுவியோ கிழிந்தோ இருக்கலாம். பறக்கும்போது இறக்கையின் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைவு என்பதால், தளர்ந்த மூடி வழியே எரிபொருள் வெளியே உறிஞ்சப்பட்டுக் கொண்டே போகும். கிளம்பும்போது இருந்த அளவு அரை மணி நேரத்தில் இருக்காது. ரப்பர் பை வகைத் தொட்டி உள்ள சில பழைய மாதிரிகளில், இந்த உறிஞ்சலால் பையின் அடிப்பகுதியே மேலே எழும்பி மிதவையைத் தூக்கிவிடுவதால், தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்போதே மானி நிறைவாகக் காட்டக்கூடும். உங்கள் விமானத்தில் இறக்கை அமைப்பே தொட்டியாக இருப்பதால் அந்த ஏமாற்று நேராது. ஆனாலும் உறிஞ்சல் நேரும். மழை பெய்தால் அதே மூடி வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். உறிஞ்சிய குழாயில் இருந்த தூசி, துணி இழை, ரப்பர்த் துகள் ஆகியவை தொட்டியில் விழுந்திருக்கலாம். அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்தவர் அதை முழுமையாக மூடாமல் விட்டிருந்தால், அது சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே ஏறியவர் கால் வைக்கக் கூடாத இடத்தில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு) மீதோ இறக்கைத் தகட்டின் மீதோ, மிதித்திருக்கவும் கூடும்.

ஆகவே, திருட்டு நடந்த விமானத்தில் எரிபொருளை நிரப்பிவிட்டுக் கிளம்புவது போதாது. மூடிகளையும் வளையங்களையும் கழற்றிப் பார்த்து, ஃபிளாப், ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்பு), இறக்கைத் தாங்கிகள் ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்து, எல்லா வடிகால் இடங்களிலிருந்தும் எரிபொருள் மாதிரி எடுக்க வேண்டும். உங்கள் 172எஸ் வகையில் ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்தும், மூக்குப் பகுதியின் அடியில் மூன்றுமாக, 13 வடிகால் இடங்கள் இருக்கின்றன. வழக்கமான நாளில் எல்லாவற்றையும் பார்க்கச் சோம்பல்படுபவர்கள்கூட இந்த முறை ஒன்றையும் விடக் கூடாது. விமானத்தை அசைப்பதற்கு முன்பே மாதிரி எடுங்கள். தள்ளிய பிறகு எடுத்தால், அடியில் தங்கியிருந்த தண்ணீர் கலங்கி மேலேறிவிடும். மாதிரியை வெள்ளைப் பின்னணியில் பிடித்துப் பாருங்கள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், இரண்டும் இருந்தால் அடியில் ஒரு கோடு பிரிந்து தெரியும். ஆனால் குவளை முழுவதும் தண்ணீரே வந்துவிட்டால் கோடு எதுவும் தெரியாது. சுத்தமாக, பளிச்சென்று இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். நீல நிறம் இருக்கிறதா, பெட்ரோல் மணம் வருகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். நிறம் வெளுத்திருந்தால், எடுத்ததை மறைக்க வேறு எதையாவது ஊற்றியிருக்கிறார்களா என்றும் சந்தேகியுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டால் விமானப் பெட்ரோல் கறையின்றி ஆவியாகிவிடும். ஜெட் எரிபொருளோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் எண்ணெய் வளையம் தங்கும். ஐயம் தீராவிட்டால் தொட்டிகளை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே முறை. அந்தச் செலவுக்காகத் தயங்க வேண்டாம்.

எடுத்தவருக்காக அல்ல, அதை வாங்கிப் பயன்படுத்தக்கூடிய அறியாதவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும்: 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்க அனுமதி உண்டு. வாயால் குழாயை உறிஞ்சுபவர் நஞ்சை விழுங்கும் அபாயத்தில் இருக்கிறார்; அதை ஊற்றி ஓட்டும் காரின் வினையூக்கி மாற்றி (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) பாழாகும். தள நிர்வாகம் எச்சரிக்கைப் பலகை வைத்தால் இந்த விவரத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

பூட்டுடன் கூடிய மூடி குறித்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாதிரிக்கென அங்கீகரிக்கப்பட்ட மூடி கிடைத்தால் பொருத்துங்கள், நான் தடுக்கவில்லை. காற்றுத் துளை உள்ள மூடி இருக்க வேண்டிய இடத்தில் துளையில்லாத மூடியைப் பொருத்திவிடக் கூடாது. தொட்டிக்குள் காற்று போகாவிட்டால் எரிபொருளும் எஞ்சினுக்கு வராது. எனவே கடையில் கிடைத்ததை வாங்கி நீங்களே மாட்டாமல், பொறியாளர் வழியாகச் செய்து பதிவேட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பூட்டின் மேல் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். மேலே பூட்டினாலும் அடியில் வடிகால் திறந்துதான் இருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: பூட்டு இருக்கிறது என்பதே மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்க ஒரு காரணமாகிவிடும். சாவி இன்னொரு பங்காளியிடம் இருக்கிறது, வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, பூட்டியதுதானே, அப்படியே இருக்கும் என்று ஒரு நாள் தோன்றிவிடும். மூவரிடமும் தனித்தனிச் சாவி இல்லாமல் பூட்டு மூடி பொருத்தாதீர்கள்.

மூடியின் மேல் ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வைக்கும் பழக்கத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விமானத்தில் ஒட்டும் எதுவும் ஒரு நாள் கழற்றப்படாமல் போகும். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு விமானத்தில், கழுவும்போது காற்றழுத்தத் துளைகள் மீது ஒட்டிய நாடாவை எடுக்க மறந்ததால், விமானிகளுக்கு உயரமும் வேகமும் தெரியாமல் போய், 70 பேர் இறந்தார்கள். அடையாளம் வேண்டுமென்றால், மூடியின் கைப்பிடி எப்போதும் ஒரே திசையில் இருக்கும்படி மூடுவதை மூவரும் வழக்கமாக்குங்கள். திசை மாறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். விமானத்தை விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றக் கேளுங்கள். பயணிகளின் எடை இடம் கொடுக்கும் நாட்களில், பறந்து முடித்ததும் தொட்டியை வாய்வரை நிரப்பி வைப்பதும் நல்லது. நிறைந்த தொட்டியில் எரிபொருள் குறைந்திருந்தால் மூடியைத் திறந்ததுமே கண்ணில் படும். பாதித் தொட்டியில்தான் திருட்டு ஒளிந்துகொள்கிறது. நிரப்பி வைப்பது உள்ளே ஈரம் படிவதையும் குறைக்கும்.

இப்போது கணிப்பானைப் பற்றி. உங்கள் நண்பரின் வாதத்தில் உள்ள பிழை இங்கேதான் இருக்கிறது. அந்தக் கருவி எஞ்சினுக்குப் போகும் குழாயில் பாயும் எரிபொருளை அளக்கிறது; நிரப்பியதும் நீங்கள் கொடுத்த எண்ணிலிருந்து அதைக் கழித்துக்கொண்டே வருகிறது. பாய்வதை மிகத் துல்லியமாகவே அளக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டியை அது பார்ப்பதே இல்லை. கணக்குப் புத்தகம் சரியாக இருப்பதால் பணப்பெட்டியில் பணம் இருக்கிறது என்று ஆகிவிடாது. இரவில் பெட்டியைத் திறந்தவர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவதில்லை. உங்கள் கணிப்பான் 120 என்று காட்டியதில் கருவியின் குற்றம் ஒன்றுமில்லை. திருட்டு, கசிவு, தளர்ந்த மூடி ஆகிய மூன்றில் எது நடந்தாலும் அது கடைசிவரை அதே நம்பிக்கையோடு பொய்யான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மானிகள் வேறு வகையில் குறைபட்டவை. அவை தொட்டியை நேரடியாகப் பார்க்கின்றன. ஆனால் மிதவையும் மின்தடையும் கொண்ட பழைய வகை மானிகள் பாதிக்கு மேலும் கீழும் கணிசமாகத் தவறக்கூடும். சிறு விமானங்களுக்கு 2017 வரை இருந்த அமெரிக்கச் சான்றிதழ் விதி, சமநிலையில் பறக்கும்போது பயன்படுத்த முடியாத அளவு மட்டுமே மீதமிருந்தால் மானி பூஜ்யம் காட்ட வேண்டும் என்றது. இதைச் சிலர், மற்ற அளவுகளில் மானி எதைக் காட்டினாலும் கண்டுகொள்ள வேண்டாம் என்று புரிந்துகொள்கிறார்கள். அது ஆபத்தான புரிதல். மானி குறைவாகக் காட்டினால் அதை மறுக்கும் ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். குச்சி, மானி, கணிப்பான் ஆகியவை முரண்பட்டால், காரணம் தெரியும்வரை மூன்றில் மிகக் குறைந்த எண்ணையே உண்மை என்று கொள்ளுங்கள்.

குச்சியும் அதைத் தயாரித்த விதத்தைப் பொறுத்தே நம்பத்தக்கது. வேறு மாதிரிக்கான குச்சியையோ, எல்லா விமானத்துக்கும் பொது என்று விற்கும் குழாயை அட்டவணை இல்லாமலோ பயன்படுத்தக் கூடாது. உங்கள் விமானத்துக்கே உரிய குச்சி ஒன்றைப் பொறியாளரின் உதவியோடு நீங்களே அளவிட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை ஏதாவது வேலைக்காகத் தொட்டிகளைக் காலி செய்யும்போது அதற்கு நல்ல வாய்ப்பு. விமானத்தைச் சமதளத்தில் நிறுத்தி, பயன்படுத்த முடியாத அளவு மட்டும் மீதம் இருக்கும்படி வடித்துவிட்டு, அளந்த பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் அசைவு அடங்கவிட்டுக் குச்சியில் கோடு போடுங்கள். இடது, வலது தொட்டிகளுக்குத் தனித்தனியாகச் செய்து, குச்சியின் இரு முகங்களில் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று கருத வேண்டாம். இவ்வாறு செய்த குச்சியில் பூஜ்யம் என்பது பயன்படத்தக்க பூஜ்யம். அதைக் குச்சியிலேயே எழுதிவைத்துவிட்டால், மேலே நான் சொன்ன 11 லிட்டர்க் குழப்பம் உங்களுக்குப் பிறகு வரும் பங்காளிக்கும் நேராது. இறக்கைகள் நுனி நோக்கி உயர்ந்திருப்பதால், எரிபொருள் குறையும்போது அது உட்பக்கமாக ஒதுங்கி, குச்சிக்கு எட்டாமல் போகும் ஓர் அளவு இருக்கலாம். அந்த அளவுக்குக் கீழே குச்சி உலர்ந்து வந்தால், இருப்பு என்னவென்று தெரியாது என்றே பொருள், பறக்கக் கூடாது. நிரப்பு வாயின் உள்ளே தொங்கும் தகட்டுக் குறி உங்கள் மாதிரியில் உண்டு. அந்தக் குறி எத்தனை லிட்டரைக் காட்டுகிறது என்று கையேட்டில் பார்த்து, குச்சியை அதனோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரின் வருத்தத்துக்கு வருகிறேன். அவர் எழுதிய எண்ணை நீங்கள் சரிபார்ப்பது அவரை ஐயப்படுவதாகாது. அவர் இறங்கிய நேரத்துக்கும் நீங்கள் ஏறும் நேரத்துக்கும் இடையில் நடந்ததைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். அந்த இடைவெளிக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? இதை அவருக்குப் புரியவைக்க எளிய வழி, குறிப்பேட்டின் அமைப்பையே மாற்றுவது. ஒவ்வொரு பறப்பும் முடிந்ததும் இடது, வலது குச்சி அளவு, டாக்கோமீட்டர் எண், எழுதியவர் பெயர் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதட்டும். அடுத்துப் பறப்பவர் கிளம்பும் முன் அளந்ததை அதற்குக் கீழேயே எழுதட்டும். இரு வரிகளுக்கும் இடையிலான வேறுபாடு, விமானம் நின்றிருந்தபோது நேர்ந்த இழப்பு. ஒரு பறப்பின் தொடக்க, முடிவு வரிகளுக்கு இடையிலான வேறுபாடு, எஞ்சினின் உண்மையான செலவு. சில வாரங்களிலேயே உங்கள் விமானம் மணிக்கு 35 எரிக்கிறதா, 38 எரிக்கிறதா என்று கையேட்டைவிட நன்றாக உங்களுக்குத் தெரிந்துவிடும். திருட்டு மறுபடி நடந்தால் எந்த இரு தேதிகளுக்கு இடையில் நடந்தது என்று காவல்துறையிடம் சொல்லவும் முடியும். அதோடு, யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டிய நிலை வராமல் இந்தக் குறிப்பேடு உங்கள் நட்பையும் காக்கும்.

நண்பர் அனுபவம் மிக்கவர் என்றால், அவரிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, 2011 முதல் 2015 வரை அந்நாட்டில் எரிபொருள் நிர்வாகக் குறைபாட்டால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் சிக்கிய விமானிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வணிக விமானி அல்லது அதற்கு மேற்பட்ட உரிமம் பெற்றவர்கள். மாணவ விமானிகள் மிகச் சிலரே. மாணவர் இன்னும் குச்சியை எடுக்கிறார். நெடுநாள் பறந்தவர் எண்ணை நம்பத் தொடங்கிவிடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தொட்டி காலியாக இருந்தாலும், குழாய்களிலும் வடிகட்டியிலும் தங்கிய எரிபொருளைக் கொண்டே எஞ்சின் கிளம்பிவிடும். ஊர்ந்து போய், சோதனை ஓட்டமும் முடித்து, மேலெழும்பியும் விடலாம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பது தொட்டியில் எரிபொருள் இருப்பதற்குச் சான்றாகாது.

அடுத்த வாரப் பயணத்துக்கு என் கணக்கு இது. இரண்டேகால் மணி நேரத்துக்கு 79 லிட்டர். ஊர்வதற்கும் மேலேறுவதற்கும் 6. கையிருப்பு ஒரு மணி நேரத்துக்கு 35. பயன்படுத்த முடியாதது 11. ஆக மொத்தம் 131 லிட்டர். அமெரிக்க விதி, பார்வைவழிப் பறப்புக்கு (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுவது) பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் கையிருப்பைக் கட்டாயமாக்குகிறது; உங்கள் நாட்டு விதி எதுவானாலும், அது சட்டத்தின் குறைந்தபட்ச எல்லை மட்டுமே. இப்போதுதான் எரிபொருளை இழந்த விமானத்தில், குடும்பத்தோடு, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த கையிருப்போடு நீங்கள் கிளம்புவதை நான் ஏற்க மாட்டேன். அன்று காலையில் முதலில் 13 இடங்களிலும் மாதிரி எடுங்கள். பிறகு விமானத்தைச் சமதளத்துக்குத் தள்ளி, நீங்களே குச்சி விட்டு அளந்து பாருங்கள். மொத்த அளவைக் காட்டும் குச்சியில் இரு பக்கமும் சேர்த்து 131க்குக் கீழே இருந்தால், எரிபொருள் வண்டி வரும்வரை குடும்பத்தாரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். நிரப்பிய பிறகு சற்று நேரம் விட்டு மறுபடி மாதிரி எடுத்து, மறுபடி அளந்து, அந்த எண்ணையே கணிப்பானுக்குக் கொடுங்கள். மூடிகளைக் கையால் திருகிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். மேலே போன முதல் அரை மணி நேரத்தில் இறக்கைகளின் பின்விளிம்பை அவ்வப்போது கவனியுங்கள். எரிபொருள் கோடாக வழிவது தெரிந்தாலோ, ஒரு மானி மற்றதைவிட வேகமாக இறங்கினாலோ, அருகில் உள்ள தளத்தில் இறங்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் விமானம் இரவு தங்குமானால், திரும்பிக் கிளம்பும் முன், புதிய விமானத்தைப் பார்ப்பதுபோல இவை அனைத்தையும் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள்.